சர்க்கரைப் பனி

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கொலராடோவின் குளிர்காலத்தைப் பற்றி எழுத உட்காருவது சற்றுச் சிரமமான காரியம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது அவற்றில் இரண்டைப் பனிக்கே கொடுத்தார்கள். புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் தெருவை மறைப்பதும் பனி, கண்ணில் நீர் தளும்பினாலும் கண் பனித்தது என்றுதான் சொல்கிறோம். ஆனால் வானிலிருந்து விழுந்து, இடுப்பளவு குவிந்து, ஐந்தாறு மாதம் கரையாமல் கிடக்கும் ஒரு பொருளுக்குத் தனிச்சொல் நமக்குத் தேவைப்பட்டதில்லை. ஆகவே இங்கே பனி என்று நான் எழுதும் இடமெல்லாம் அந்த வெண்பனியையே குறிக்கும். அதன் வகைகளுக்கு, கையில் அள்ளிப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்த சமையலறைப் பெயர்களையே வைத்துக்கொண்டேன். ரவை, அவல், கற்கண்டு, சர்க்கரை. கடைசிப் பெயர் மட்டும் என்னுடையதல்ல. இங்குள்ள மலைக்காரர்களும் அதைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்கள். இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஸ்கீ என்றதும் லிஃப்டில் அமர்ந்து உச்சிக்குப் போய், வண்ண உடைகளில் சறுக்கி இறங்கும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. ஸ்கீக்களின் அடிப்பாகத்தில் ஒரு பக்கம் மட்டும் வழுக்கும் ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு, லிஃப்டும் கடையும் காவலும் இல்லாத மலையில் நாமே நடந்து ஏறுவது. முற்காலத்தில் கடல்நாய்த் தோலை ஒட்டினார்களாம். இப்போது நைலானும் மோஹேர் ஆட்டு ரோமமும். பெயர் மட்டும் ‘ஸ்கின்’ என்றே தங்கிவிட்டது. ஆயிரம் அடி ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்க ஐந்து நிமிடம். இந்தக் கணக்கைக் கேட்டு என் தந்தை தொலைபேசியில் நெடுநேரம் சிரித்தார்.

லிஃப்ட் உள்ள ஸ்கீ மையங்களில், விடியுமுன்பே ஊழியர்கள் வெடி வைத்து, சரியக்கூடிய பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். வெளி மலையில் அப்படி யாரும் இல்லை. பனிச்சரிவில் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அந்தச் சரிவைத் தூண்டியவர் அவரே, அல்லது அவருடன் வந்தவர். நானும் வேறு மாதிரி எண்ணிக்கொண்டிருந்தவன்தான். பழைய திரைப்படங்களில் யாரோ உரக்கக் கூவ மலை இடிந்து விழுமே, அதெல்லாம் கதை. குரலால் பனி சரிவதில்லை. பாரத்தால் சரிகிறது, பெரும்பாலும் நம்முடைய பாரத்தால்.

பனி ஒரே பொருளாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. ஒவ்வொரு வெயில் நாளும் காற்றடித்த இரவும் அந்த அடுக்கின்மீது தன் கையொப்பத்தை இட்டுவிட்டுப் போகிறது. கொலராடோவின் துயரம் அக்டோபரில் தொடங்குகிறது. முதல் பனி இரண்டடி விழுந்து நின்றுவிடும். பிறகு வாரக்கணக்கில் தெளிந்த வானம், கடுங்குளிர் இரவுகள். தரை ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் இருக்கிறது, மேற்பரப்போ பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. இந்த இரண்டடிக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால் நீராவி அடியிலிருந்து மேல்நோக்கிப் பனியின் இடுக்குகளுக்குள் நகர்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்ற அளவைத் தாண்டினால் குருணைகளின் வடிவமே மாறத் தொடங்கும். ஒன்றையொன்று பற்றியிருந்த கைகளை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே பட்டை தீட்டிய படிகமாக வளர்கிறது. லென்ஸில் பார்த்தால் மிக அழகு. கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் உருண்டை பிடிக்காது, விரலிடுக்கில் சர்க்கரையாக வழிந்து போகும். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கடலோர மலைகளில் பனி ஆழமாகவும் குளிர் மிதமாகவும் இருப்பதால் இந்த நோய் குறைவு. இங்கே சில ஆண்டுகளில் அந்தச் சர்க்கரை அடுக்கு மார்ச், ஏப்ரல் வரையிலும் அடியில் அப்படியே இருக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் புயல்கள் வந்து அதன்மேல் கெட்டியான பலகைபோலப் பனியை அடுக்குகின்றன. சர்க்கரை பரப்பிய சாய்மேசைமீது கண்ணாடிப் பலகை ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் பிடிமானம் ஓரங்களில் மட்டுமே.

ஒருமுறை ஜோன்ஸ் கணவாய்ப் பாதையில், ஏறக்குறைய சமதளமான ஒரு புல்வெளியைக் கடந்துகொண்டிருந்தபோது அந்த ஒலியைக் கேட்டேன். தள்ளியிருக்கும் கிடங்கில் நெல்மூட்டையைத் தொப்பென்று இறக்கியது போல. காலடியில் நிலம் ஒரு விரற்கடை இறங்கியது. நாற்பதடி தொலைவில் நின்ற இளம் ஃபிர் மரத்தின் கிளையிலிருந்து பனி உதிர்ந்தது. என் பாரத்தில் சர்க்கரை அடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் பனிக்கடியில் ஓடி மரத்தை எட்டியிருக்கிறது. சமதளமாதலால் ஒன்றும் நேரவில்லை. அதுவே முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவாயிருந்தால் பலகை கிளம்பியிருக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30க்கும் 45க்கும் இடைப்பட்ட சாய்வில் நிகழ்கின்றன. அதற்குக் குறைந்தால் பலகை நகராது, அதைவிட மிகச் செங்குத்தானால் பனி குவியாமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். இதில் ஒரு கொடுமை உண்டு. ஸ்கீயர்களுக்கு மிக இன்பமான சாய்வும் முப்பத்தைந்துக்கு மேலேதான் தொடங்குகிறது.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஐந்து படிகள். ஒன்று குறைந்த ஆபத்து, ஐந்து கடும் ஆபத்து. நான்கு என்று போட்டிருந்தால் யாரும் மலைக்குக் கிளம்பமாட்டார்கள், ஒன்று என்றால் யோசிக்கவும் மாட்டார்கள். சாவுகள் குவிவது மூன்றில். ‘கணிசமான’ ஆபத்து என்பது அதன் பெயர். எல்லாம் தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையுடன் புறப்படும் நாள் அது.

அப்படியொரு மூன்றாம் படி நாளில், ஜனவரி மாதம், பெர்தட் கணவாய்க்கு நால்வர் போனோம். டென்வரிலிருந்து மேற்கே, 11,307 அடி உயரத்தில் நெடுஞ்சாலை கடக்கும் கணவாய் அது. 1937இல் தொடங்கிய ஸ்கீ மையம் ஒன்று அங்கே இருந்தது. 2001இல் அதன் லிஃப்டுகள் நின்றுபோயின. இப்போது காரை நிறுத்திவிட்டு யாரும் ஏறலாம். எங்களில் மூத்தவர் என் நண்பர், பள்ளி அறிவியல் ஆசிரியர், இந்த மலைகளிலேயே வளர்ந்தவர். ஸ்கீ மாட்டி மேலேறக் கற்றுக்கொடுத்ததும், பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் படிக்கக் காட்டியதும் அவர்தான். ஆறு குளிர்காலங்கள் அவர் பின்னால் நடந்திருக்கிறேன். அவருடைய பழைய கல்லூரித் தோழர் ஒருவர். பிறகு, அந்த நவம்பரில்தான் மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சியை முடித்திருந்த இளம்பெண் ஒருவர். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்து பீக்கன்களைச் சோதித்தோம். எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில் ஒரே மொழி பேசும் கருவிகள். புதைந்தவரிடமிருந்து ஒலி வரும், தேடுபவரின் கருவி அம்பு காட்டும். 2024இல் வெளிவந்த ஒரு சுவிஸ் ஆய்வின்படி, முற்றாகப் புதைந்தவர்களில் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியில் அது மூன்றாகச் சரிந்துவிடுகிறது. பெரும்பாலும் மூச்சடைப்பு. ஓடி நின்ற பனி சிமெண்டுபோல இறுகிவிடுவதால் உள்ளே கிடப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. பத்து நிமிடத்துக்குள் வரக்கூடிய மீட்புக்குழு உலகில் எதுவும் இல்லை, உடன் வந்தவர்களைத் தவிர.

முந்தைய இரு நாட்களில் 25 சென்டிமீட்டர் புதுப்பனி. அதற்கு முன் இரண்டு வாரம் வறண்ட குளிர். மேற்கிலிருந்து காற்று. காற்று என்பது மேகத்தைவிடப் பெரிய பனிவள்ளல். மலையின் ஒரு முகத்தில் கிடப்பதை வாரி மறுமுகத்தில், பொழிவைவிடப் பல மடங்கு வேகத்தில் இறக்கிவைக்கும். மேற்குக் காற்றென்றால் கிழக்குச் சரிவுகள் கனத்திருக்கும். நாங்கள் மனத்தில் வைத்திருந்தது கிழக்கு நோக்கிய அகன்ற கிண்ணம் போன்ற ஒரு சரிவு. மரவரிசை முடியும் இடத்தில் நின்று பார்த்தோம். ஒரு தடமும் இல்லை. காலை வெயிலில் அதன் தோல் மின்னிக்கொண்டிருந்தது. நண்பர் சாய்வுமானியை வைத்துப் பார்த்து முப்பத்தாறு என்றார்.

அதே திசையும் உயரமும் கொண்ட, கீழே பள்ளமில்லாத சிறு மேட்டில் குழி தோண்டினோம். ஆழம் 110 சென்டிமீட்டர். தரையில் பூஜ்யம், மேற்பரப்பில் பதினான்கு டிகிரி கீழே. அடியில் முப்பது சென்டிமீட்டருக்குச் சர்க்கரை. மண்வாரியால் தொட்டாலே பொலபொலவென்று கொட்டியது. 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமுமாக ஒரு தூணை வெட்டிப் பிரித்து, அதன் ஒரு முனைமீது மண்வாரியின் தட்டை வைத்துத் தட்டும் சோதனை ஒன்று உண்டு. 2000களின் நடுவில் உருவானது. மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில் விரிசல் விழுகிறது என்பதைவிட, அந்த விரிசல் தூணின் மறுமுனைவரை ஓடுகிறதா என்பதே கேள்வி. எங்கள் தூண் பதின்மூன்றாம் தட்டில், முழுவதுமாக, அலமாரியிலிருந்து இழுப்பறை வருவதுபோலப் பெயர்ந்து வந்தது. யாரும் பேசவில்லை. நண்பர் இருபதடி தள்ளி இன்னொரு குழி தோண்டினார். அங்கே சர்க்கரை சற்று மெல்லியது. இருபத்து நான்காம் தட்டில் பாதி விரிசல், அதோடு நின்றுவிட்டது.

இரண்டு குழிகள், இரண்டு விடைகள். பனியில் இது வழக்கம். ஓர் அடி மண்மேடு, அடியில் மறைந்த ஒரு புதர், அடுக்கு மாறிவிடும். நண்பரின் வாதம் முட்டாள்தனமானதல்ல. வழியில் எங்கும் அந்த மூட்டை ஒலி கேட்கவில்லை, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடவில்லை, பக்கத்துச் சரிவுகளில் புதிய சரிவு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாம் குழிதான் சரிவின் நடுப்பகுதியை ஒத்திருக்கிறது. ஒவ்வொருவராக இறங்கலாம். கல்லூரித் தோழர் தோளைக் குலுக்கினார்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவர் வெர்னர் முன்டர். சுவிட்சர்லாந்தின் மலை வழிகாட்டி. குழி தோண்டுவதில் கரைகண்டு, பிறகு அதன்மீதே நம்பிக்கை இழந்தவர். ஒரு சரிவைப் பற்றி ஒரு குழி சொல்வது ஒரு வீட்டைப் பற்றி ஒரு செங்கல் சொல்வதுபோல என்று கண்டபின், 1990களில் அவர் மிக எளிய கணக்கொன்றை முன்வைத்தார். அறிவிப்பு இரண்டாம் படியா, நாற்பது டிகிரிக்குக் குறைந்த சரிவுக்குப் போ. மூன்றா, முப்பத்தைந்துக்குக் குறைந்ததற்கு. நான்கா, முப்பதுக்கு. நிபுணர்கள் பலருக்கு இது எரிச்சலூட்டியது. அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நுண்ணறிவை ஒரு வாய்ப்பாடு தள்ளிவைக்கிறதே. எனக்கோ அதன் கண்மூடித்தனமே பிடித்திருக்கிறது. ஆசைப்படும் மனிதனிடம் நுண்ணறிவைக் கொடுத்தால், ஆசைக்குத் தேவையான சான்றுகளை அது திரட்டிக் கொடுக்கும். முப்பத்தாறு என்றால் ஒரு டிகிரிதானே அதிகம் என்றார் நண்பர். சாய்வுமானியின் பிழையே அவ்வளவு இருக்கும் என்றார். அதுவும் சரிதான். பிழை இரு பக்கமும் போகும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

“நான் போகவில்லை” என்று அந்த இளம்பெண் சொன்னபோது குரல் மிகத் தாழ்ந்திருந்தது. காரணம் கேட்டார் நண்பர், கனிவாகத்தான். முதல் குழியைப் பார்த்தேன் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. இத்தகைய குழுக்களில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு, ஒருவர் மறுத்தால் நால்வரும் திரும்ப வேண்டும். எழுதப்படாத விதிகளுக்கு யாராவது குரல் கொடுத்தால்தான் உயிர். நானும் போகவில்லை என்றேன். ஆறு ஆண்டுகளில் அவருடைய தீர்ப்புக்கு எதிராக நான் பேசியது அன்றுதான். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஸ்கின்களை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

நாங்கள் கிளம்புமுன் வேறிருவர் மேலே வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். வணக்கம் சொல்லிவிட்டு, குழிகளை எட்டிக்கூடப் பார்க்காமல், ஒருவர் பின் ஒருவராக அந்தக் கிண்ணத்தில் இறங்கினார்கள். பனிப்புகை தோள்வரை எழுந்தது. அடியில் போய் நின்று கூவினார்கள். சரிவு அசையவில்லை. இரண்டு அழகிய வளைகோடுகள், அவ்வளவே. நண்பர் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் காட்டுக்குள் இருபத்தைந்து டிகிரிச் சரிவில் இறங்கினோம். நல்ல பனிதான், ஆனால் யாரும் கூவவில்லை.

திரும்பும் வழியில் காரில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இன்று நாம் கற்றுக்கொண்டது என்ன?” ஆசிரியர் பழக்கம். என்னிடம் விடை இல்லை. ஏனெனில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்த இருவர் சரியாகக் கணித்தார்களா, சர்க்கரை மெல்லிய இடங்களாகப் பார்த்துத் தற்செயலாகக் கால் வைத்தார்களா, யாருக்கும் தெரியாது. ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர், பாடம் கற்பிப்பதுபோல் தோன்றித் தவறான பாடம் கற்பிக்கும் சூழல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பனி அப்படிப்பட்ட ஆசிரியர். சதுரங்கத்தில் பிழையான காய்நகர்த்தலுக்கு எதிராளி உடனே தண்டனை தருவார். பனியில் இருபது முறை பிழையாக நகர்த்தினாலும் பத்தொன்பது முறை பரிசுதான் கிடைக்கும். அந்தப் பத்தொன்பதையும் நாம் அனுபவம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். இயன் மெக்கமன் என்பவர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 விபத்துகளை ஆராய்ந்தபோது, ஆபத்தின் அடையாளங்கள் கண்ணெதிரே கிடந்தும் பலர் போயிருந்ததைக் கண்டார். பழகிய இடம், பிறர் தடம், நிபுணர் ஒருவர் உடனிருக்கிறார் என்ற தைரியம். பயிற்சி பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல.

2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் க்ரீக் என்னுமிடத்தில் ஆறு பேர் போனார்கள். ஐவர் இறந்தார்கள். ஒருவர் பாதி புதைந்து பல மணி நேரம் கிடந்து மீட்கப்பட்டார். கொலராடோவில் 1962க்குப் பிறகு அத்தனை உயிர்களைக் கொண்டுபோன பனிச்சரிவு வேறில்லை. அதன் அறிக்கையைப் பலமுறை படித்திருக்கிறேன். என்னை உறுத்துவது ஒன்றுதான். அவர்கள் அறியாமல் போகவில்லை. அன்றைய முன்னறிவிப்பைப் படித்திருந்தார்கள், அடியில் பலவீனமான அடுக்கு இருப்பதைப் பற்றிப் பேசியிருந்தார்கள். ஆபத்தான அந்தச் சரிவின் அடியை, இடைவெளி விட்டு, விரைவாகக் கடந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்பதே திட்டம். கடக்கும்போது அடியிலிருந்தே பலகை விடுபட்டது. இடைவெளி போதவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது வேறொரு பனிச்சரிவையும் சொல்லியாக வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரக் காவல்நிலையில் இருந்த பத்துப் படைவீரர்கள் புதைந்தார்கள். மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த நிலை அது. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து தலா ஒருவர். ஆறு நாளுக்குப் பின், 25 அடிக்கும் கீழே, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். தேனியிலும் மதுரையிலும் வளர்ந்தவர்கள் எந்தச் சரிவில் நிற்பது என்று தேர்ந்தெடுத்து அங்கே நிற்கவில்லை. நான் விடுமுறை நாளில், நல்ல காலணி அணிந்து, தேர்ந்தெடுத்துப் போகிறேன். என் ஊர்க்காரர் ஒருவர் அந்த வாரம் தொலைபேசியில், “உனக்கு இதெல்லாம் விளையாட்டாப்பா?” என்று கேட்டார். விளையாட்டுத்தான் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மலையில் நடக்கும் அந்த அமைதியை, ஸ்கின்கள் பனியில் உரசும் ஒலியை, மூச்சு ஆவியாக நின்று கலைவதை நான் அவருக்கு விளக்கியிருக்கலாம். அந்த வாரத்தில் வாய் வரவில்லை.

நண்பருடன் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு அவர் என்னை மூன்றாம் படி நாட்களில் அழைப்பதில்லை. இரண்டாம் படி நாட்களில், மிதமான சரிவுகளுக்குச் சேர்ந்து போகிறோம். அந்த இளம்பெண் இப்போது தன் வயதினரோடு போகிறார், அவர்கள் பேச்சில் அவருக்கு எடை இருக்கிறது என்று கேள்வி. நண்பர் தனியாக வாழ்பவர். மலைக்குப் போகும் எவரும் திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது என் மனைவி. அவருக்கு அது நான் என்பது ஆறு ஆண்டுப் பழக்கம், அதை மட்டும் அவர் மாற்றவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரைக்குக் குறுஞ்செய்தி வந்தது. கிழக்குக் கிண்ணம், மூன்று பேர், இரண்டு மணிக்குள் கார். முன்னறிவிப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று. பதிலாக என்ன எழுதுவது என்று சற்று நேரம் யோசித்து, சரி என்று மட்டும் அனுப்பினேன். மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போய் வந்தேன், காய்கறி வாங்கினேன். இரண்டு மணியானது. இரண்டேகாலுக்கு, அந்த வட்டாரத்தின் மீட்பு எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு அழைப்பது என்று நாங்கள் பேசி வைத்திருந்தது மூன்று.

இரண்டு நாற்பதுக்குச் செய்தி வந்தது. காரில் இருக்கிறோம், பனி அற்புதம் என்று எழுதியிருந்தார். வழியில் தேநீருக்கு வரட்டுமா என்றும் கேட்டிருந்தார். வாருங்கள் என்றேன்.